கதண்டு கொட்டினால் ஏன் எழுந்து நிற்கக்கூடாது

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மச்சான் நல்லபடியா வீடு திரும்பிட்டார் என்று கடைசிப் பத்தியில் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே எல்லோரும் நலம், சின்னவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கதண்டு (பெரிய குளவி) கொட்டி மயங்கி விழுந்தவரை, கொஞ்சம் தெளிந்த பிறகும் ஏன் எழுந்திருக்கவே விடவில்லை என்று கேட்டிருந்தாய். அலர்ஜி என்றாலே தொண்டை வீக்கம், மூச்சிரைப்பு, தடிப்பு இவைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆளைச் சாய்ப்பதில் ரத்தக்குழாய்களுக்கும் பெரிய பங்கு உண்டு. விஷம் ஏறியதும் மாஸ்ட் செல்கள் என்ற அலர்ஜி செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்களை ஒரேயடியாகக் கொட்டும், உடம்பெங்கும் குழாய்கள் விரிந்து கசிய ஆரம்பிக்கும், 10 நிமிடத்துக்குள் குழாய்களில் ஓடும் திரவத்தில் 35 சதவீதம் வரை வெளியே போய்விடலாம். அந்த நேரத்தில் எழுந்து நின்றால் மிச்ச ரத்தமும் காலில் தேங்கி, இதயம் வெறுமையாகத் துடிக்கும். அப்படி எழுந்து உட்கார்ந்த சில நொடிகளிலேயே இறந்தவர்களைப் பற்றி பிரிட்டனில் பம்ஃப்ரே என்ற மருத்துவர் 2003-ல் எழுதியிருக்கிறார்.

நுரையீரலில் கதை வேறு. அங்கே தமனிகள் விரிவதற்குப் பதில் இறுகிக்கொள்ளவும் செய்யும், கூடவே நுண்குழாய்கள் கசிந்து காற்றறைகளில் நீர் கோக்கலாம். இந்த இறுக்கம் முயல்களில்தான் உச்சம்: கினிப்பன்றி மூச்சுக்குழல் அடைத்துச் சாகும், முயலோ நுரையீரல் தமனி இறுகி வலது இதயம் ஓய்ந்து சாகும். மனிதரில் அவ்வளவு தனியாகத் தெரிவது அபூர்வம், ஆனால் இதய ஆபரேஷன் முடிவில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் என்ற மருந்து சிலருக்கு இதைச் செய்துவிடும். ஆபரேஷன் தியேட்டரில் நானே பார்த்திருக்கிறேன். நெஞ்சு திறந்தே இருப்பதால் இதயத்தின் வலது கீழறை பந்துபோல் புடைத்து வருவது கண்ணுக்கே தெரியும், மானிட்டரில் நுரையீரல் அழுத்தம் ஏற ஏற கை பிரஷர் சரிந்துகொண்டே போகும். ரத்தம் நுரையீரலைத் தாண்டி இடப்பக்கம் வந்தால்தானே இதயம் உடம்புக்கு அனுப்ப முடியும்!

அதனால்தான் விரிந்த குழாய்களை இறுக்கத் தொடையில் அட்ரினலின் ஊசி, ரத்தம் இதயத்துக்குத் திரும்பப் படுக்க வைத்துக் காலைத் தூக்குவது, கசிந்துபோன திரவத்துக்கு ஈடாக சலைன். மூச்சு ரொம்பத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம், நிற்கவோ நடக்கவோ கூடாது.

அப்புறம் ஒன்று, மச்சான் பிரஷர் மாத்திரை போடுகிறார் இல்லையா? அது பீட்டா பிளாக்கராக (இதயத்தில் அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் வகை மாத்திரை) இருந்தால் அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, இந்த வாரமே டாக்டரிடமும் காட்டச் சொல்.

அன்புடன்,
ரவி