காலிக் கட்டம் சுழியம் ஆகாது

தேசியப் புள்ளிவிவர அலுவலகங்களின் தலைமைப் பொறுப்பாளர்களுக்கும் குழந்தைகள் பாதுகாப்புத் துறைகளை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

குழந்தைகள் நலப் பதிவேடுகளைத் தொகுக்கும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். அப்போது தொடங்கி இன்றுவரை மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லவே இம்மடல். வட்டார அலுவலகங்களிலிருந்து வரும் மாதப் படிவங்களில், துன்புறுத்தலுக்கு உள்ளான குழந்தைகளின் எண்ணிக்கைக்கான கட்டம் பல நேரங்களில் காலியாகவே வரும்; மேலிடத்துக்குப் போகும் தொகுப்பில் அது '0' ஆகிவிடும். யாரும் விசாரிக்கவில்லை, எந்தக் குழந்தையும் வாய் திறக்க வழியில்லை, பதிவேட்டையே யாரும் பிரிக்கவில்லை என்னும் நிலைகளெல்லாம், ஒரு குழந்தைக்கும் தீங்கு நேரவில்லை என்னும் நற்செய்தியோடு சேர்ந்து அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகும். பிறகு அதே எண்ணைப் பார்த்துத்தான் எங்கே பணியாளர்களை அமர்த்துவது, எங்கே நிதியைக் குறைப்பது என்று முடிவு செய்வார்கள்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இன்று 196 தரப்புகள் இணைந்துள்ளன. அதன் 44ஆம் உறுப்பு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரும் கடமையை அவற்றின்மேல் வைக்கிறது. உடன்படிக்கை நடைமுறையாவதைக் கண்காணிக்கும் குழு 2003இல் வெளியிட்ட ஐந்தாம் பொதுக் கருத்துரை, 18 வயது வரையிலான குழந்தைப் பருவம் முழுவதையும் தழுவிய, பிரித்துப் பார்க்கத்தக்க தரவு வேண்டும் என்று வலியுறுத்துகிறது. அப்படியிருந்தும் 15 முதல் 24 வயது வரையுள்ளோரை 'இளைஞர்' என்று ஒரே வரிசையில் அடைக்கும் அட்டவணைகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் 16 வயதுக் குழந்தை ஒன்றைத் தேடி எடுக்க முடியாது. வயதை ஆண்டு ஆண்டாகப் பதிந்துகொண்டு, தேவைப்படும்போது தொகுத்துக்கொள்வது செலவு பிடிக்கும் வேலையன்று.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. காவல் நிலையம் புகாரை எண்ணுகிறது. மருத்துவமனை காயத்தை எண்ணுகிறது. நீதிமன்றம் வழக்கை எண்ணுகிறது. உதவி எண் அழைப்பை எண்ணுகிறது. காப்பகம் தன்னிடம் தங்கியிருப்போரை எண்ணுகிறது. இந்த ஐந்து வாசல்களையும் ஏறி இறங்கிய ஒரே சிறுமி ஐந்து எண்களாகிறாள். ஒரு வாசலையும் எட்டாத சிறுவன் எந்த எண்ணிலும் இல்லை. 'புறக்கணிப்பு' என்று ஓர் அலுவலகம் பதிவதை இன்னோர் அலுவலகம் 'குடும்பத் தகராறு' என்று பதிந்தால், இரண்டையும் கூட்டி வரும் தொகைக்குப் பொருள் ஏது? குழந்தைகள் மீதான வன்முறையை வகைப்படுத்துவதற்கான பன்னாட்டு வகைப்பாட்டை ஐக்கிய நாடுகள் புள்ளிவிவர ஆணையம் 2023இல் ஏற்றுக்கொண்டது. அதை மொழிபெயர்த்து நூலகத்தில் வைப்பதோடு நில்லாமல், காவலர், செவிலியர், ஆசிரியர் ஆகியோர் நிரப்பும் படிவங்களின் சொற்களாகவே அதை மாற்ற வேண்டும். பெயரை வெளிக்காட்டாத பொதுவான அடையாளக் குறி ஒன்று துறைகளுக்கிடையே இருந்தால், கோப்புகளின் எண்ணிக்கையிலிருந்து குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வந்துசேரலாம். அந்தக் குறியை யார் திறந்து பார்க்கலாம் என்பதைச் சட்டம் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்.

புகார்கள் கூடினால் வன்முறை கூடிவிட்டது என்று பதறுவதும், குறைந்தால் பெருமைப்படுவதும் தவறு. நம்பிக்கையான உதவி எண் ஒன்று தொடங்கப்பட்டாலே புகார்கள் கூடும்; அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். உண்மையான அளவை அறியப் பதிவேடுகளோடு ஆய்வுகளும் வேண்டும். அன்று சுவாசிலாந்து எனப்பட்ட ஆப்பிரிக்க நாடான எசுவாத்தினியில் 2007இல் நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, பதிவேடுகளை நம்பியிராமல் 13 முதல் 24 வயது வரையிலான பெண்களிடமே நேரில் கேட்டறிந்தது. பின்னர் பல நாடுகள் அந்த வழியைப் பின்பற்றின. 2030க்குள் எட்டுவதற்காக ஐக்கிய நாடுகள் வகுத்த நிலைத்த வளர்ச்சி இலக்குகளின் 16.2.1ஆம் குறியீடு, வீட்டில் பெரியவர்களால் அடியும் வசையும் பெறும் 1 முதல் 17 வயது வரையிலான குழந்தைகளைக் கணக்கிடச் சொல்கிறது. வீட்டு ஆய்வுகள் பலவோ 14 வயதோடு நின்றுவிடுகின்றன.

வீட்டு ஆய்வு வீட்டில் இருப்பவரையே காணும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. காப்பகங்களிலும் சீர்திருத்த இல்லங்களிலும் தெருக்களிலும் வாழும் குழந்தைகளும், பிழைப்புக்காகக் குடும்பத்தோடு இடம்மாறிக்கொண்டே இருப்பவர்களும் அதன் மாதிரிக்குள் வருவதில்லை. தீங்கு நேரும் வாய்ப்பு மிகுதியாக உள்ளவர்கள் பெரும்பாலும் இவர்களே. பிறப்பே பதியப்படாதவர்கள் இன்னொரு பெருங்கூட்டம்: ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024இல் மதிப்பிட்டது. வயதுக்குச் சான்று இல்லாத சிறுமியைக் குழந்தைத் திருமணத்திலிருந்து காக்கச் சட்டத்துக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை.

கேட்பதிலும் ஓர் அறம் உண்டு. தன் துன்பத்தைச் சொல்லும் குழந்தைக்கு அன்றே கைகொடுக்க ஆள் இல்லாத இடத்தில், அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு இல்லை. பயிற்சி பெற்ற கேள்வியாளர், பிறர் காதில் விழாத இடம், பதில் சொல்ல மறுக்கும் உரிமை, தயாராக நிற்கும் ஆலோசகர் ஆகியவற்றுக்கான செலவை ஆய்வின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள். சிற்றூர் ஒன்றில் 'இரண்டு பேர்' என்று வெளியிட்டாலே அந்த இரண்டு பேரும் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். அத்தகைய எண்களை வெளியிடாமல் காப்பதும் உங்கள் கடமையே.

2030க்குள் குழந்தைகள் மீதான எல்லா வன்முறைகளையும் ஒழிப்பதாக அரசுகள் உறுதியளித்திருக்கின்றன. பெரிய சீர்திருத்தங்களுக்குக் காலமும் பணமும் வேண்டும் என்பதை அறிவேன். அவை நடக்கும்வரை காத்திராமல், அடுத்த மாதப் படிவத்தை அனுப்பும் முன்பே அந்தக் கட்டத்தின் அருகில் இரண்டு குறிகளைச் சேருங்கள்: 'விசாரித்தோம், எவரும் இல்லை' என்பதற்கு ஒன்று, 'விசாரிக்கவில்லை' என்பதற்கு ஒன்று. இரண்டாம் குறி எத்தனை வட்டாரங்களிலிருந்து வந்தது என்பதை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் படிவங்களைத் தொகுத்தவர்களுள் ஒருவர்