பெட்டியைப் பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்

மன்னார்குடி அத்தைக்கு,

மாமாவின் தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போவதாகச் சொன்னீர்கள். "இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்னடி பண்ணுவது?" என்று கேட்டீர்களே, போனில் எனக்குப் பதில் வரவில்லை. இப்படி ஊர் பார்க்க எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த டெல்டாவில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு பெட்டி கிடக்கிறது.

பெட்டியிலுள்ள காகிதங்களை அட்டையில் ஒட்டிப் படமாக்கிப் பார்க்கலாம் அத்தை. கொலாஜ் என்கிறார்கள், 'ஒட்டுவது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். பெயர்தான் நமக்குப் புதுசு. உங்கள் கூடத்துத் தஞ்சாவூர் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, அதன்மேல் கல்லும் தங்க ரேக்கும் ஒட்டித்தானே கிருஷ்ணர் வெண்ணெயோடு உட்கார்ந்திருக்கிறார்?

அப்பா 2019-ல் நிலத்தை விற்றதும் நான் அவரோடு சரியாகப் பேசாமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷமே, டெல்டா பாசனத்துக்கு வழக்கமாகத் தண்ணீர் விடும் ஜூன் 12-ஆம் தேதியிலேயே, மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தில்தான் முதல் படத்தை ஆரம்பித்தேன். ஒரு பெரிய அட்டை. நடுவில் கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ். சுற்றிலும் வைக்க அப்பாவின் மேஜையறையைக் கிளறினேன். உரக்கடை ரசீது, கும்பகோணம் பஸ் டிக்கெட், மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று. அப்புறம், ரப்பர் பேண்ட் போட்ட தினசரி காலண்டர் தாள்கள். எட்டு. எல்லாமே ஜூன் 12. 2012 முதல் 2019 வரை அந்தத் தேதியில் அணை திறக்காத எட்டு வருஷங்கள். எதிலும் ஒரு வரி எழுதவில்லை. கிழித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

எட்டையும் ஓரத்தில் வரிசையாக வைத்தேன், நிற்கவில்லை. நகர்த்திக்கொண்டே போனேன். மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் எட்டும் நடுவுக்கு வந்திருந்தன, பத்திரம் அடியில் போய்விட்டது. நான் வரைய நினைத்த குற்றப்பத்திரிகை இல்லை அது. காலையில் அப்பாவிடம் தாள்களைப் பற்றிக் கேட்டேன். "அது சும்மா கிடந்ததும்மா" என்றார். ரொம்ப நாளைக்கப்புறம் சேர்ந்து காபி குடித்தோம்.

அதனால் உடனே பசை தடவிவிடாதீர்கள். நகர்த்துகிற நாட்களில்தான் எல்லாம் நடக்கிறது. மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1941-ல் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு நின்று வரைய முடியாமல் காகிதம் வெட்ட ஆரம்பித்தார். துண்டுகளை முதலில் சுவரில் குண்டூசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். நமக்குக் கூடத்துத் தரை போதும். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்!

மாமாவின் கையெழுத்து உள்ள எதையும் வெட்ட வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டலாம். பசைக்கு மைதாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் துளி போடுவார்கள். அது விஷம், பேரன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். "இந்த வயசில் கத்தரிக்கோலா?" என்பீர்கள். மேரி டெலனி என்ற இங்கிலாந்து அம்மாள் கணவர் போய் நாலு வருஷம் கழித்து, 72 வயதில் வண்ணக் காகிதத்தை வெட்டிப் பூக்கள் ஒட்டத் தொடங்கினார். கண் மங்கும்வரை பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் பூ. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. உங்களுக்கு 68தான்.

அழகாக வர வேண்டும் என்பதில்லை. என் படம் பார்க்கச் சகிக்காது, பீரோவுக்குள் இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு அப்பாவும் நானும் வருகிறோம். பெட்டியைத் திறந்து வெயிலில் காயவையுங்கள். மைதா வாங்க வேண்டாம், நான் கொண்டுவருகிறேன்.

உங்கள் அண்ணன் மகள்,
கும்பகோணம்