ரயில் தடத்துக்குக் காசு வாங்கி, லாரிச் சாலையில் இறக்கிவிட்டது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சிராங்கூன் சாலை அலுவலகம், சிங்கப்பூர்.

பொருள்: பைரனீஸ் மலையடிவாரச் சைக்கிள் பயணத்துக்குச் செலுத்திய முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் புகாரைத் தொலைபேசியில் சொல்லி, மின்னஞ்சலில் எழுதி, உங்கள் இணையப் படிவத்திலும் நிரப்பி, நேரிலும் வந்து ஒப்பித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்கிறார். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டதால், இம்முறை கையெழுத்திட்ட கடிதமாக அனுப்புகிறேன்.

உங்கள் பயணத் திட்டத்தை உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. முதல் நாள் வாகனத்தில் ஸ்பெயினின் ஒலோட் நகருக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து பழைய 'காரிலெட்' ரயில் தடத்தில் சைக்கிளில் ஜிரோனாவுக்கு இறங்கி, அடுத்துக் கடலோரத்தில் உள்ள சான் ஃபெலியூவைச் சென்றடைவது என்று உங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அட்டையில் 'வாகனமே இல்லாத வழி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதும் நீங்கள்தான். அந்த ஒரு வரியை நம்பித்தான் இருவருக்குமாக 7,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினோம். என் மனைவி எங்கள் தெம்பனிஸ் வட்டாரப் பூங்கா இணைப்புப் பாதையை (பார்க் கனெக்டர்) விட்டுச் சாலையில் சைக்கிளை இறக்காதவர். லாரி பக்கத்தில் வந்தால் அவருக்குக் கைப்பிடி ஆடிவிடும். இதைப் பதிவு செய்த அன்றே உங்கள் ஊழியரிடம் சொன்னேன். அவரும் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

நான் குறை சொல்வது அந்தப் பாதையை அல்ல. ஒலோட்டுக்கும் ஜிரோனாவுக்கும் இடையே ஓடிய குறுகிய ரயில் 1969 இல் நிறுத்தப்பட்டபின், தண்டவாளம் பெயர்க்கப்பட்ட தடத்தையே ஏறத்தாழ 54 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் வழியாக்கியிருக்கிறார்கள். நீராவி வண்டிக்குச் செங்குத்தாக ஏற வராது என்பதால் அந்தத் தடம் மலையடிவாரத்தை ஒட்டி வளைந்து வளைந்து, நிதானமான சரிவிலேயே போகிறது. நம் ஊரிலும் மலாயா ரயில் 2011 இல் நின்றபின் 24 கிலோமீட்டர் தடம் நடைவழியாயிற்று. அதில் மாதக்கணக்கில் ஓட்டிப் பழகிவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். ஸ்பெயின் நாட்டில் இப்படிப் பழைய ரயில் தடங்களிலேயே 3,000 கிலோமீட்டருக்கு மேல் பசுமைப் பாதைகள் இருக்கின்றன. அங்கங்கே கிராமங்களுக்குள் பாதை ஊர்த்தெருவோடு சேரும், சாலையைக் குறுக்கே கடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவ்வளவு வழி இருக்கும் நாட்டில் எங்களை மட்டும் லாரிகள் ஓடும் சி-63 சாலையில் இறக்கிவிட உங்களால் எப்படி முடிந்தது என்பதே என் கேள்வி.

ஒலோட்டுக்கு எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய வாகனம் வரவில்லை. ஜிரோனா விடுதி வாசலில் காலை முழுவதும் நின்றோம். அவசர உதவி எண்ணை அழைத்தால், அலுவலக நேரத்தில் அழைக்குமாறு ஒலிப்பதிவு சொல்லியது. கோடையில் சிங்கப்பூர் நேரம் ஸ்பெயினைவிட 6 மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஐரோப்பாவில் பயணம் விற்கும் நிறுவனத்துக்கு இந்தக் கணக்குத் தெரியாமல் இருக்காது. கடைசியில் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே குறுஞ்செய்தி, "நீங்களே ஓட்டிக்கொண்டு ஒலோட் போய்விடுங்கள், வழித்தடக் கோப்பு அனுப்புகிறோம்" என்பதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 மீட்டரில் இருக்கும் ஜிரோனாவிலிருந்து 620 மீட்டரில் இருக்கும் கணவாய் வரை, இறங்க வேண்டிய வழியையெல்லாம் ஏறச் சொன்னீர்கள். நம் ஊர்ப் புக்கிட் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான். அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறுவது என்றால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது எண்ணிப் பார்த்தாரா?

அதுகூடப் போகட்டும். ரயில் தடத்திலேயே ஏறியிருந்தால் மெல்ல மெல்லவாவது போய்ச் சேர்ந்திருப்போம். நீங்கள் அனுப்பிய, வழிகாட்டும் வரைபடக் கோப்பு கார்களுக்காகத் தயாரித்தது. ஆங்லெஸ் தாண்டியதும் அது எங்களை நேராகச் சி-63 இல் கொண்டுபோய்விட்டது. ஆமர் வரை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களை உரசாத குறையாகப் போயின. கூப்பிடு தூரத்தில், மரங்களுக்கு அப்பால், சிறுபிள்ளைகள் பெற்றோரோடு சாவகாசமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் நாங்கள் பணம் கட்டிய பாதை என்பது ஆமர் ஊரில் ஒரு கடைக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதை உங்கள் கவுண்டரில் சொன்னபோது அங்கிருந்த இளைஞர் சிரித்தார். "அங்கிள், ஸ்பெயின்ல ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் ஓவர்டேக் பண்ணணும், அதான் சட்டம். நீங்க ஏன் பயந்தீங்க?" என்றார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே சட்டம் ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு சைக்கிளுக்கு ஒரே ஒரு தலைக்கவசம் கொடுத்தனுப்பிய நிறுவனத்தின் ஊழியர் எனக்குச் சட்டம் படித்துக் காட்டுகிறார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்த வயசுல உங்களுக்குப் பார்க் கனெக்டரே போதாதா?" என் மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளில் சிங்கப்பூரில் எந்தக் கவுண்டரிலும் நான் இப்படி அவமானப்பட்டதில்லை.

சைக்கிள்களைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. ஜிரோனா தொழில்முறைப் பந்தய வீரர்கள் தங்கிப் பயிற்சி பெறும் ஊர் என்பதால் அங்கே பந்தயச் சைக்கிள்களுக்குப் பஞ்சமில்லை. உங்கள் முகவர் எங்களுக்கும் அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். 25 மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய டயர். பை கட்டக் கேரியர் கிடையாது. பெரும்பகுதி இறுக்கிய மணல்மண்ணாக இருக்கும் தடத்துக்கு அந்த டயர் எப்படிப் பொருந்தும்? லெஸ் பிளானெஸ் ஊருக்கு முன்பே பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. டியூபில் இருந்தது மெல்லிய பிரஸ்டா வால்வு. நீங்கள் பையில் வைத்திருந்த பம்ப்போ கார் வால்வுக்கானது. அழுத்த அழுத்த, உள்ளே இருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் புஸ்ஸென்று வெளியேறியது. ஒலோட் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. எரிமலைகளுக்கு நடுவே எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் வளர்ந்திருக்கும் பீச் மரக்காட்டைப் பார்ப்பதற்கென்று ஒதுக்கிய மாலை அப்படியே போயிற்று. அந்தக் காட்டைப் பார்ப்பதற்காகத்தான் என் மனைவி இந்தப் பயணத்துக்கே சம்மதித்தார்.

ஜிரோனாவிலிருந்து கடற்கரை வரையிலான பகுதி குறையில்லாமல் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி என் தொகையில் ஒரு காசு கழிப்பதற்கும் ஒப்ப மாட்டேன். அந்தப் பகுதிக்கான வரைபடம்கூட ஜிரோனா சுற்றுலாத் தகவல் நிலையத்தில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. நீங்கள் கொடுத்ததைப் பிறகு நாங்கள் பிரிக்கவே இல்லை.

மறுபடியும் உங்கள் கவுண்டருக்கே வருகிறேன். மூல ரசீதைக் கொண்டுவந்தால்தான் புகார்க் கோப்பைத் திறக்க முடியும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அரைநாள் விடுப்பு எடுத்து, லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து கொட்டும் மழையில் நடந்து வந்தேன். அதே இளைஞர்தான் இருந்தார். ரசீதை வாங்கி மேசையில் வைத்தார். அதன்மேல் தம் தே-ஓ (பாலில்லாத தேநீர்) குவளையை வைத்தார். யாருக்கோ போன் பேசினார். பேசி முடித்து, "ஆபீசர் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார். குவளையை எடுத்தபோது ரசீது எண்ணின்மேல் பழுப்பு வட்டம் விழுந்து மை கலைந்திருந்தது. அடுத்த வாரம் வந்தபோது, வேறொரு அம்மையார் அதே ரசீதைப் பார்த்து, எண் தெளிவாக இல்லாததால் ஏற்க இயலாது என்று திருப்பித் தந்தார். உங்கள் தேநீரைச் சிந்தியது நீங்கள், ரசீது கெட்டது என்று சொல்வதும் நீங்கள்! அந்த அம்மையார் மரியாதையாகவே பேசினார் என்பதையும் பதிவு செய்கிறேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை.

இவ்வளவுக்கும் பதிலாக நீங்கள் அனுப்பியது, அடுத்த பயணத்துக்கு 50 வெள்ளிக் கழிவுச் சீட்டு. உங்களோடு அடுத்த பயணமா? என் மனைவிக்கு முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. சைக்கிளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆண்டு முழுவதும் சேர்த்த விடுப்பும், வாழ்நாளில் ஒரே முறை செய்ய நினைத்த ஐரோப்பியப் பயணமும், எங்கள் ஓய்வுக்காலக் கனவும் உங்கள் ஒரு தவறான கோப்பினால் பாழாயின. இதற்குக் கணக்குப் போட்டால் 7,400 வெள்ளி எந்த மூலைக்கும் போதாது. இருந்தும் நான் கேட்பது அந்தத் தொகையை மட்டுமே.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், இந்தக் கடிதம் அவர்களில் ஒருவர் கைக்குப் போகும் என்று இன்னும் நம்புகிறேன். தயவுசெய்து இதைப் படிப்பவர் ஒருமுறை அந்த வழித்தடக் கோப்பைத் திறந்து, அது ரயில் தடத்தில் போகிறதா, சி-63 இல் போகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டு வாரங்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வரவில்லையென்றால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும் பயணத்துறைக் கழகத்திடமும் புகார் கொடுப்பேன். அதற்கும் அசையவில்லையென்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், வழக்கறிஞரும் தேவையில்லை. கையேட்டின் அட்டை, உங்கள் குறுஞ்செய்தி, அந்தக் கோப்பு, தேநீர்க் கறை படிந்த ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதுவரை போகும்படி வைத்துவிடாதீர்கள் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தொகையை நான் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். பேச வேண்டுமென்றால் வேலைநாட்களில் மாலை 6 மணிக்குமேல் அழையுங்கள். அந்தக் கவுண்டர் இளைஞர் மட்டும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாடிக்கையாளர்