ஆரணி நண்பனுக்கு: அந்த டாங்கிளைத் தூக்கிப் போட்டுவிடாதே

தோட்டப்பாளையம், வேலூர்
மார்கழி, ஞாயிறு காலை

அன்புள்ள ஆரணிக்காரனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையாகி மறுபடி மாடிப்படி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் என் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். இந்த வாரம் அவளே போன் செய்து பேசுவாளாம். இங்கே எல்லோரும் நலம். விடியற்காலையில் கோட்டை அகழியோரம் நடக்கப் போனால் எதிரே வருகிறவர் முகம் தெரியாத அளவுக்குப் பனி. பாலாற்றில் இன்னும் தண்ணீர் ஓடுகிறது. காட்பாடி பாலத்தில் பஸ் ஏறியதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்கம் தலையைத் திருப்புகிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஆற்றில் தண்ணீரைப் பார்ப்பது கோயில் தீபாராதனை பார்ப்பது போலத்தான்.

நாம் ஹாஸ்டலில் இருந்தபோது உன் ஆரணியும் என் வேலூரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். 1989-ல் பிரித்து உன்னைத் திருவண்ணாமலையோடு சேர்த்தார்கள். 2019-ல் மறுபடி பிரித்ததில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் எங்களை விட்டுப் போயின. கடிதத்தில் இன்னும் நீ 'வ.ஆ. மாவட்டம்' என்றே எழுதுகிறாய். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார், மாற்றாதே.

விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அனுப்பிய வைஃபை டாங்கிளை, அதான் யூஎஸ்பி போர்ட்டில் சொருகி கம்ப்யூட்டருக்கு வைஃபை பிடித்துத் தரும் அந்தச் சின்னக் கருவியை, சொருகினால் ஒன்றுமே நடக்கவில்லை, கடைக்காரப் பையன் கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. செய்யாறு பக்கம் ஊர் ஊராகப் போய், விடிய விடிய உட்கார்ந்து நீ பதிவு செய்த தெருக்கூத்துப் பாட்டெல்லாம் அந்த மெஷினில்தானே இருக்கிறது? நெட் மட்டும் வந்துவிட்டால் அவற்றை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிப் பத்திரப்படுத்திவிடலாம். மெஷின் மேல் குற்றமே இல்லை. இதே கஷ்டத்தை நானும் பட்டவன், சொல்கிறேன் கேள்.

ஆடி மாசம் எங்கள் வீட்டு லேன் வயரை எலி கடித்துத் துண்டாக்கிவிட்டது. ரவுட்டர் இருப்பது வாசல் கூடத்தில், கம்ப்யூட்டர் இருப்பது பின்கட்டில். புது வயர் இழுக்கத் தாத்தா காலத்துச் சுவரில் துளை போட மனசு வராமல், கட்டைவிரல் நகம் அளவு டாங்கிள் ஒன்று வாங்கி வந்தேன். சொருகினேன். திரையில் சிடி டிரைவ் படம் ஒன்று வந்து நின்றது! என் சிபியுவில் இருந்த சிடி டிரைவ் கெட்டுப்போய்க் கழற்றி நாலு வருஷம் ஆகிறது. கடையில் கேட்டால் சாமான் சரியாகத்தான் இருக்கும், உங்கள் கம்ப்யூட்டர்தான் பழசு என்றார்கள். உன்னிடம் சொன்ன அதே பேச்சு.

இரண்டு நாள் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. இந்த டாங்கிள்களில் பல, முதலில் தன்னை ஒரு சிடி என்றுதான் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். உள்ளே கொஞ்சம் நினைவகம் வைத்து, அதில் கருவியோடு பேச விண்டோஸுக்குக் கற்றுத்தரும் டிரைவர் மென்பொருளைப் போட்டு அனுப்புகிறார்கள். அந்த 'சிடி'யைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால், வேஷத்தைக் களைந்துவிட்டு வைஃபை கருவியாக மாறும். உனக்குக் கூத்து பாஷையில் சொன்னால், திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜா வேஷக்காரர் மாதிரி. திரையை விலக்கினால்தான் கொலு.

என் மெஷினில் விண்டோஸ் இல்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தப்போகிறது, 11-ஐ என் பழைய மெஷின் ஏற்காது என்று தெரிந்ததுமே, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச மென்பொருளான லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறிவிட்டேன். அதில் அந்த செட்டப் ஓடாது. ஆகவே டாங்கிள் சிடியாகவே உட்கார்ந்திருந்தது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அந்த சிடி படத்தின் மேல் வலது கிளிக் செய்து 'எஜெக்ட்' கொடுத்தேன். படம் மறைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் டாங்கிளின் ஓரத்தில் கடுகு அளவு நீல விளக்கு ஒன்று மினுக்கியது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைஃபை பட்டியல் விரிந்தது. பத்தொன்பது பெயர்! எல்லாம் சுற்றியுள்ள லாட்ஜுகளுடையவை. எங்கள் தெருவைத்தான் உனக்குத் தெரியுமே, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்கள்தான் பாதிப்பேர், கடைப் பலகையெல்லாம் வங்காளியில்.

உன் மெஷினில் இருப்பது விண்டோஸ் 10 என்று நினைவு. நீ முதலில் திஸ் பிசியைத் திறந்து புதிதாக ஒரு சிடி படம் முளைத்திருக்கிறதா பார். இருந்தால் அதைத் திறந்து செட்டப்பை ஓட்டு, பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால், மெஷினில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலான டிவைஸ் மேனேஜருக்குப் போ. 'அதர் டிவைசஸ்' என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் முக்கோணத்தோடு '802.11என் என்ஐசி' என்ற மாதிரி ஏதாவது நிற்கும். அது நல்ல சகுனம். கருவி உயிரோடு இருக்கிறது, அதோடு பேச மெஷினுக்கு மொழி தெரியவில்லை என்று அர்த்தம். அதன் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ். அங்கே விஐடி (VID, தயாரித்தவரின் எண்) என்பதற்குப் பக்கத்தில் நாலு எழுத்து, பிஐடி (PID, சாமானின் எண்) என்பதற்குப் பக்கத்தில் நாலு எழுத்து இருக்கும். அந்த எட்டையும் ஒரு தாளில் எழுது.

இந்த எட்டு எழுத்துதான் கருவியின் உண்மையான ஜாதகம். அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை நம்பி டிரைவர் தேடாதே. பெட்டியின் பெயர் விற்பவருடையது, வேலை செய்வது உள்ளே இருக்கும் சிப். விஐடி 0பிடிஏ (0BDA) என்றால் ரியல்டெக் சிப், 148எஃப் (148F) என்றால் ராலிங்க், 0இ8டி (0E8D) என்றால் மீடியாடெக். ஒரே பெயரில் வரும் சாமானிலேயே சிப் மாறும். டிபி-லிங்க் 722என் என்று ஒன்று ரொம்பப் பிரபலம். அதன் முதல் வெர்ஷனில் இருந்தது ஏத்தெராஸ் சிப், இரண்டாவதிலிருந்து ரியல்டெக். பெயரும் உருவமும் ஒன்று, டிரைவர் வேறு. அதனால்தான் கருவியின் முதுகில் பொடி எழுத்தில் 'வெர்' என்று போட்டு ஒரு எண் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாவது அதையும் பார்த்து எழுது. என்னுடையதில் சிடி வேஷத்தில் இருந்தபோது எண் 0பிடிஏ:1ஏ2பி, எஜெக்ட் செய்ததும் 0பிடிஏ:சி811. எண்ணே மாறிவிட்டது பார்! லினக்ஸில் கெர்னல் என்கிற மையப் பகுதியின் 6.2 வெர்ஷன் முதல் இந்தக் குடும்பத்து ரியல்டெக் யூஎஸ்பி சிப்களுக்கு உள்ளேயே ஆதரவு வரத் தொடங்கிவிட்டது. மின்ட் 22-ல் இருப்பது 6.8, ஆகையால் நான் தனியாக எதையும் நிறுவவில்லை.

நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும். இதற்கு உன் போனே போதும். சார்ஜ் வயரால் போனை சிபியுவில் சேர்த்து, போன் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' போடு. போனின் நெட் அப்படியே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். சில சமயம் விண்டோஸ் தானே அப்டேட்டில் டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் டாங்கிள் கம்பெனியின் சொந்தத் தளத்தில், அதே மாடல், அதே வெர்ஷன் எண்ணுக்கு உரியதை மட்டும் இறக்கு. எல்லா டிரைவரும் ஒரே இடத்தில் இலவசம் என்று கூவும் தளங்கள் பக்கம் தயவுசெய்து போகாதே. உன் பாட்டுகள் இருக்கும் மெஷின் அது.

சரி, நெட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். எனக்கு வந்தும் ஒரு வாரம் நிம்மதி இல்லை. நத்தை வேகம். எங்கள் சுவர் ஒன்றரை அடி கனம் என்பது உனக்குத் தெரியும். ரவுட்டர் இரண்டு பெயரில் சிக்னல் கொடுக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் திராணி குறைவு. நான் 5-ஐயே பிடித்துக்கொண்டிருந்தேன். 2.4-க்கு மாற்றியதும் விட்டு விட்டு வந்தது நின்றது. நீ மெஷினைத் தறி போட்டிருந்த பின்கட்டு அறையில்தான் வைத்திருக்கிறாய், உனக்கும் 2.4 தான் சரி.

அடுத்தது, சொருகும் இடம். சிபியுவின் பின்பக்கத்தில் சொருகினால் ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறுபக்கம் சுவர், நடுவில் அந்தச் சின்ன ஆன்டெனா என்னதான் செய்யும்? ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை ஜன்னல் கம்பியில் நூல் போட்டுக் கட்டினேன். அன்றைக்கு ராத்திரியே வித்தியாசம் தெரிந்தது. இன்னொன்று, நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலைக் கிளப்பும். 2012-லேயே இன்டெல் கம்பெனி அளந்து பார்த்து எழுதிய விஷயம் இது. ஆகவே கறுப்பு போர்ட்டில் சொருகு. அதன் வேகம் 480 எம்பிபிஎஸ், உன் டாங்கிளுக்குத் தாராளம். பெட்டியில் 150 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ரவுட்டர் சிக்னலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் அது 72 தான், கைக்கு வருவது அதிலும் பாதி. பாட்டு ஏற்ற அது போதும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இங்கே எல்லா லாட்ஜிலும் ஒரே நேரத்தில் ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள், நெட் திணறும். ரவுட்டரில் சேனலை, அதாவது 2.4-க்குள் சிக்னல் போகும் பாதையின் எண்ணை, 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 11-ல் நிறுத்தினேன். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. உங்கள் தெருவில் அந்தக் கூட்டம் இருக்காது.

மாடிப் போர்ஷனில் அசாம்காரர் ஒருவர் மூன்று மாதம் இருந்தார், மனைவிக்கு ஆபரேஷன். அவர் போன் திரை உடைந்துபோய்க் கிடந்தது. ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்து என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். ஊரிலிருந்து மகள் பெரிய திரையில் தெரிந்ததும் அந்த அம்மா எட்டி மானிட்டரைத் தொட்டார்கள். கண்ணாடியில் விழுந்த விரல் ரேகையை என் வீட்டுக்காரி இரண்டு நாள் துடைக்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சும்மா விட்டால் தொடர்பு அறுந்துபோகிறது என்று தோன்றினால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கருவியை அணைக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடு. பெரிய ஃபைல் ஏறும்போது நடுவில் அறுந்தால் உனக்குத்தான் மறுபடி வேலை.

போகி கழிந்த அடுத்த சனிக்கிழமை கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் வருகிறேன். எக்ஸ்டென்ஷன் கேபிள் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறேன், மின்ட் போட்ட பென்டிரைவும் கொண்டுவருகிறேன். தங்கச்சிக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் இரண்டு கிலோ. அதற்குள் அந்த எட்டு எழுத்தையும் கருவியின் முதுகையும் படம் எடுத்து அனுப்பிவிடு. உரிய டிரைவரை இங்கேயே இறக்கிக் கையோடு கொண்டு வந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பாட்டை ஏற்றிவிடலாம். எந்தப் பாட்டு என்று மட்டும் நீ முடிவு செய்து வை.

என்றும் உன்,
தோட்டப்பாளையத்தான்