நான் வரவில்லை, அண்ணா

அண்ணா,

உங்களிடம் கனடா வருவதற்குப் போட்ட விண்ணப்பத்தை மீளப் பெற்றுவிட்டேன். முகவருக்குப் போன வாரமே எழுதிவிட்டேன். நீங்கள் கட்டிய பணத்தில் திரும்பக் கிடைப்பது கிடைக்கட்டும், மிச்சத்தை மாதாமாதம் நான் தருகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொல்லத் தொடங்கினால் உங்கள் குரல் தழுதழுக்கும், நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அதுவும் எல்லோரும் பார்க்கும் இடத்தில்.

மாமாமாரும் சித்தியும் படிப்பார்கள். வேறு சிலரும் படிப்பார்கள். ஆகவே நம்மவர் பெயர் ஒன்றும் இங்கே வராது. 2009 மே மாதம் போர் வெற்றியைக் கொண்டாடிச் சந்தியில் உங்கள் கையில் வைத்த அந்தப் பாற்சோற்றைப் பற்றியும் எழுதமாட்டேன்.

ஆனால் 13 ஆண்டுகள் கழித்து நடந்ததை நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. தொடங்கும்போதே "அது அவர்களுடைய வயிற்றுப் போராட்டம்" என்று பேச்சை முறித்துவிடுவீர்கள்.

2022 மே 18, கொழும்பு காலிமுகத்திடல். பொருளாதார நெருக்கடியில் ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொல்லி மக்கள் கூடாரமடித்திருந்த இடம். மே 9 அன்று குண்டர்கள் வந்து கூடாரங்களை அடித்துக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கிழிந்த தறப்பாளை மறுபடி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அங்கே, ஜனாதிபதி செயலகத்தின் வாசலில், முள்ளிவாய்க்காலை நினைத்து, போரின் கடைசி நாட்களில் நம் சனம் குடித்த அந்தக் கஞ்சியைக் கொடுத்தார்கள். கால் நடுங்கத்தான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண், பல்கலைக்கழகத்தில் படிக்கிற வயது. ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்பினாள். "இவ்வளவுதானா சாப்பிட்டார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டாள். இதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, சாப்பாட்டுக்கு நின்ற வரிசையிலும் செல் விழுந்தது என்றேன்.

"எங்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் யாராவது கேட்டீர்களா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவுமில்லை, அழவுமில்லை. மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தாள். பிறகு பக்கத்தில் நின்ற தோழியிடம் நான் சொன்னதை ஒரு சொல் குறையாமல் திருப்பிச் சொன்னாள், செல் விழுந்ததையும் சேர்த்து. பஸ்ஸில் தமிழில் பேசவே அம்மா நம்மைத் தடுத்த கொழும்பு அது, அண்ணா. அங்கே அந்த வார்த்தைகளை ஒருத்தி சிங்களத்தில், உரத்த குரலில், அவர்களுடைய ஆளுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றோடு நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஜூலை 14 அன்று கோட்டாபய பதவி விலகினார். ஜூலை 22 விடியுமுன் இராணுவம் திடலுக்குள் புகுந்தது. ஓகஸ்ட் மாதம் மாணவர் தலைவர் வசந்த முதலிகே கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம். நம் பிள்ளைகள் அதில் ஆண்டுக்கணக்கில் கிடந்தபோது தெற்கிலே எத்தனை குரல் கேட்டது? உங்கள் கேள்விதான். அதை நான் அந்தத் தெற்குப் போராட்டக்காரர்களுடைய கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன். சிலர் தலை குனிந்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். இருந்தவர்களோடு இன்றும் வேலை செய்கிறேன்.

2023 மார்ச் 9 நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குத் திறைசேரி காசு விடவில்லை. அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் நேரே உயர் நீதிமன்றம் போகலாம். தேர்தல்களைக் கண்காணிக்கும் பெஃப்ரல் போன்ற அமைப்புகள் போயின. தேர்தலை நடத்தாதது உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் தீர்ப்பு வந்தது, 2025 மே 6 வாக்களித்தோம். திடலைக் கலைத்த நாட்களில் இருந்த அவசரகாலப் பிரகடனமும் உரிமை மீறல்தான் என்று 2025 ஜூலையில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாமதம்தான். ஆனாலும் மனுப் போட்டவர்கள் சலித்துப்போய் வீட்டில் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் வரிசைகளில் நின்ற அந்த 2022ஆம் வருடம் அம்மாவின் இன்சுலின் உங்கள் காசில்தான் வந்தது. பனியில் இரண்டு வேலை செய்து அனுப்பினீர்கள். எனக்காக மேல் அறையில் மேசைகூட வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். அந்த மேசையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது, மன்னியுங்கள். ஆனால் காசு அனுப்புகிறவர் என்பதற்காக, நான் எவ்வளவு நம்பலாம் என்றும் நீங்களா தீர்மானிப்பீர்கள்? ரொறன்ரோவில் தெருவில் பனி அள்ளவில்லையென்றால் நகரசபைக்கு அழைத்துச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு மட்டும் "அங்கே ஒன்றும் மாறாது, வா."

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அடுத்த ஆண்டே எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றத்தில் தோற்கடித்தார்கள். புதிய முறையிலும் நடத்தவில்லை, பழைய முறைக்கும் திரும்பவில்லை. ஆட்சிகள் மாறின, சாக்கு மாறவில்லை. அந்தத் தேர்தலைக் கேட்டுத்தான் கையெழுத்துச் சேர்க்கிறோம். ஒரே தாளில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம். தெற்கே காலி நகரிலிருந்து வந்த தாள்கள் என் மேசையில் இருக்கின்றன. குறைவுதான், ஆனால் வந்திருக்கின்றன.

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். "அண்ணன் கோபிப்பான்" என்றார். கோபியுங்கள். டிசம்பர் டிக்கெட்டை மட்டும் ரத்துச் செய்யாதீர்கள். வந்தால் ஒருநாள் கிளிநொச்சிக்குப் போவோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயிலடியில் உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலேயே செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் இன்னும் படங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றும் மாறாது என்பதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள் தங்கை