தேயிலை விலை ஏறவில்லை, இறங்கியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விடுதலையைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தேயிலை வரியை இங்கிலாந்து உயர்த்தியதால் பாஸ்டன் மக்கள் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்று ஆசிரியராக இருந்த நானும் தொடக்கத்தில் அப்படியே கற்பித்தேன். அது இன்றும் மனத்தை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

1773 மே மாதத்துத் தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் விதிக்கவில்லை. ராத்தலுக்கு 3 பென்ஸ் என்ற தீர்வை 1767-லேயே வந்துவிட்டது. கண்ணாடி, காகிதம், ஈயம் முதலியவற்றின் மீதிருந்த தீர்வைகளை 1770-ல் நீக்கிய நாடாளுமன்றம், வரி விதிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று காட்டுவதற்காக இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. பிறகு கடனில் மூழ்கி, விற்காத சீனத் தேயிலையை லண்டன் கிடங்குகளில் குவித்து வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்ற, இங்கிலாந்தில் அது செலுத்திய தீர்வையைத் திருப்பித் தந்து, சரக்கைத் தானே அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொள்ளவும் 1773-ல் அனுமதித்தார்கள். கம்பெனித் தேயிலையின் விலை இதனால் குறைந்தது.

குறைந்த விலைக்கு வந்ததையே அம்மக்கள் மறுத்தார்கள். கம்பெனி தேர்ந்தெடுத்த சில முகவர்களுக்கே விற்பனை உரிமை. பாஸ்டனில் அவர்களுள் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் புதல்வர்கள். பிழைப்பை இழக்கவிருந்த வணிகர்களின் ஆத்திரமும், டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் ஆத்திரமும் இதில் கலந்திருந்தன என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும் ஓல்டு சவுத் கூட்ட மண்டபத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டது, தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத மன்றம் விதித்த தீர்வையை மலிவு விலை காட்டி ஏற்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்ததால்தான். தேயிலையுடன் முதலில் வந்த டார்ட்மவுத் கப்பல், வந்த 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைக் கைப்பற்றிவிடும். அந்தக் கெடு முடியும் தறுவாயில், டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களிலிருந்த 342 பெட்டிகளும் நீரில் கொட்டப்பட்டன.

கட்டுரை இங்கிருந்து நேரே, விடுதலை அறிவிக்கப்பட்ட 1776-க்குத் தாவிவிடுகிறது. 1774 ஜூன் 1 அன்று, கொட்டிய தேயிலைக்கு இழப்பீடு தரும்வரை திறப்பதில்லை என்று பாஸ்டன் துறைமுகத்தை இங்கிலாந்து மூடியது. வேலையிழந்து தவித்த அந்நகரத்துக்குத் தென் கரோலினா அரிசி அனுப்பியது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. அதுவரை பெரும்பாலும் தத்தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த, அமெரிக்காவில் இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றங்களுள் பன்னிரண்டு, அவ்வாண்டு செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒன்றாக அமர்ந்தது இதற்குப் பிறகுதான். மாணவர்களும் படிக்கும் இதழ் என்பதால், அடுத்த இதழில் இத்திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்