மலருக்கு, பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து

அடியே மலர்,

வாட்சப்புல போட்டா ஒரு ஸ்டிக்கர் அனுப்பிட்டு ஓடிடுவ, அதான் நீளமா எழுதுறேன், முழுசா படி. அம்மாவுக்கு முட்டிவலி, வாய் மட்டும் நல்லா இருக்கு.

விஷயம் என்னன்னா, தர்ஷன் அழாம முடி வெட்டிக்கிட்டான்டி! போன தடவ கடைய ரெண்டாக்கினானே, நீயும்தான இருந்த. இப்ப மெஷின் சத்தம் கேட்டதும் தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறிடுச்சு, என் விரல நசுக்கிட்டான், ஆனா நாற்காலிய விட்டு எறங்கல.

கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு கிலோ அரிசிப் பொட்டலத்த சமையலறைலேருந்து வாசலுக்கு தூக்க வச்சேன், சுவத்த ரெண்டு கையால தள்ள வச்சேன், நண்டு மாதிரி மல்லாக்க நடந்தான். எல்லாம் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) பொண்ணு சொல்லிக்குடுத்தது. சோபாவுல போய் மோதுறானே, அது சேட்டை இல்லையாம், மசில், ஜாயிண்ட்லேருந்து போற தகவல் மூளைக்கு பத்தல, அதத் தேடித்தான் மோதுறானாம். தூக்குறது, தள்ளுறது, இழுக்குறது அந்தப் பசிய கொஞ்சம் அடக்குமாம். 1960கள்லயே ஜீன் ஏயர்ஸ்னு ஒரு அமெரிக்க தெரபிஸ்ட் தொடங்கி வச்ச யோசனை, சென்சரி இன்டக்ரேஷன்னு பேரு. பெரியம்மாவுக்கு இதெல்லாம் ஏறாது, "ரெண்டு போடு, சரியாயிடும்"தான்.

ஊஞ்சல்லகூட கணக்கு இருக்குடி. முன்னும் பின்னுமா மெதுவா ஆட்டினா பெரும்பாலும் அடங்குவாங்க, சுத்தி விட்டா ஏத்தி விடும், மூஞ்சி வெளுத்து வேர்த்தா உடனே நிறுத்தணும். யூத் பார்க்குக்கு தூக்கிட்டு ஓட முடியல, வீட்லயே ஒன்னு மாட்டணும், ஆனா மேல பிளாஸ்டர் சீலிங், கான்கிரீட்ல ஹூக் போடணும். உன் வீட்டுக்காரர் எல்லார் வீட்டையும் ரெனவேஷன் பண்றாரே, பினாங்குக்கு மட்டும் பெட்ரோல் இல்லையா?

ஆனா அரிசிதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், பையனுக்கும் வயசு ஏறுதுல்ல. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கமே 2012ல, இந்த மாதிரி சென்சரி பிரச்சனைய தனி நோயா எழுதாதீங்க, இந்த தெரபிக்கு ஆராய்ச்சி குறைவுன்னு பெத்தவங்களுக்கு சொல்லுங்கன்னு அறிக்கை விட்டிருக்கு. அதனால வெயிட் வச்ச ஜாக்கெட்டுன்னு யாராச்சும் வித்தா காசு குடுக்க மாட்டேன். அரிசி எப்படியும் வீட்ல இருக்கு.

பயமெல்லாம் அடுத்த வருஷம்தான் மலர். ஒன்னாம் வகுப்பு. தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் ஏறிடுவான், அங்க உறுமி மேள சத்தத்துக்கு காதடைப்பான் மாட்டி விட்டுடலாம், ஆனா ஒரே பெஞ்சுல மணிக்கணக்கா உக்காரணுமே, காலு ஆடும், நாற்காலி சாயும், பக்கத்துப் பிள்ளைய இடிப்பான், மொத வாரத்துலயே "அந்தப் பையன்"னு பேரு விழுந்துடும். ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிட்டு இதையே நெனச்சிட்டு கெடக்கேன்.

நீ செந்தூல் ஸ்கூல்ல அத்தன பிள்ளைங்கள வச்சு மேய்க்கிறவ, மழுப்பாம சொல்லு. நடுவுல ஒருக்கா பயிற்சிப் புத்தகக் கட்ட பிலிக் குருவுக்கு, அதான் டீச்சருங்க ரூமுக்கு, என் பையனே தூக்கிட்டுப் போகட்டும்னு ஒரு அம்மா வந்து நின்னா நீ ஒத்துக்குவியா, இல்ல அவ போனதும் சிரிப்பியா?

வாணி

(மணியம் சார் இன்னும் உன்னைத்தான் மானிட்டர்னு விசாரிக்கிறாரு.)